கொழும்பில் வாடகை வீட்டை விடுவது எப்படி: நோட்டீஸ் கடிதம் முதல் டிப்போசிட் கைக்கு வரும் வரை

வாடகை வீட்டை விடும்போது காசு இழப்பவர்களில் அதிகமானோர் செய்யும் தவறு இரண்டு. கடிதத்தைப் பிந்திக் கொடுக்கிறார்கள், திறப்பை முந்திக் கொடுக்கிறார்கள். இடையில் உள்ள மற்ற வேலைகள் எல்லாம் இந்த இரண்டு திகதிகளையும் சுற்றியே நடக்கின்றன. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

வெள்ளவத்தை ஃப்ளாட், கொட்டாஞ்சேனை மேல்மாடி, தெஹிவளை அனெக்ஸ் எதுவானாலும் முறை ஒன்றுதான். தொடர்மாடியில் மட்டும் சில வேலைகள் கூடும்.

1. ஒப்பந்தத்தை எடுத்து நான்கு விடயங்களைக் குறியுங்கள்

எல்லாவற்றுக்கும் முன் வாடகை ஒப்பந்தத்தின் உங்கள் பிரதியைத் தேடி எடுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: தொடங்கிய திகதியும் முடியும் திகதியும், எத்தனை மாத நோட்டீஸ், முன்கூட்டியே விட்டால் என்ன நடக்கும், வீட்டுக்காரர் பெற்ற காசு அட்வான்ஸ் என்றா டிப்போசிட் என்றா எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்து, அது நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதியா, அல்லது கடையில் ரைப் செய்து இருவரும் கையெழுத்திட்ட தாளா என்று பாருங்கள். இந்த வேறுபாடு பெரிது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத “ஒரு வருட ஒப்பந்தம்” வழக்கு என்று வந்தால் பெரும்பாலும் மாதாந்த வாடகையாகவே கருதப்படும். மாதாந்த வாடகையை ஒரு மாத நோட்டீசில் முடிக்கலாம்.

அதற்காக ரைப் செய்த தாளைக் கிழித்துப் போட முடியாது. அதில் இரண்டு மாத நோட்டீஸ் என்று ஒப்புக்கொண்டிருந்தால் இரண்டு மாதமே கொடுங்கள். நீதிமன்றத்தில் வெல்லக்கூடிய வாதம் ஒன்று கையில் இருக்கிறது என்பதற்காக டிப்போசிட்டை வீட்டுக்காரரின் கையில் வைத்துக்கொண்டு அவரோடு வாதாடுவது கெட்டித்தனம் இல்லை.

நொத்தாரிசு உறுதியில் காலம் குறித்திருந்து, இடையில் விடலாம் என்ற வாசகம் இல்லையென்றால் நிலைமை வேறு. மிச்ச மாதங்களின் வாடகையை அவர் கேட்கலாம். அந்த நிலையில் நோட்டீஸ் கடிதத்துக்கு முன் பேச்சுவார்த்தை தேவை. புது வாடகையாளர் ஒருவரைத் தேடிக் கொடுத்தால் பலர் விட்டுக்கொடுப்பார்கள். அந்த இணக்கத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, புதுப்பிக்கவில்லை, ஆனால் வாடகை போய்க்கொண்டிருக்கிறது என்றால், பொதுவாக அது மாதாந்த வாடகையாகத் தொடர்கிறது என்றே கொள்ளப்படும்.

ஒரு எச்சரிக்கை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில், பழைய குறைந்த வாடகையில் பல்லாண்டாக இருக்கும் வீடென்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிட்டுச் சட்டத்தரணியிடம் போங்கள். அந்த உரிமையை ஒரு கடிதத்தால் விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

2. “அட்வான்ஸ்” என்பதற்குள் இரண்டு காசு இருக்கிறது

கொழும்பில் எல்லோரும் அட்வான்ஸ் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு காசைச் சொல்கிறார்கள். ஒன்று முற்கூட்டிக் கட்டிய வாடகை. அது மாதா மாதம் கழிந்துகொண்டே போகும். மற்றது வீட்டுக்குச் சேதம் வந்தால் பிடித்துக்கொள்வதற்கான டிப்போசிட். அது வீட்டை விடும்போது திரும்ப வர வேண்டியது.

ஓர் உதாரணம். மாத வாடகை 80,000 ரூபாய், ஒரு வருடத்துக்கு 6 மாத அட்வான்ஸ் 480,000, மாதம் பாதி வாடகை கையில், பாதி அட்வான்சில் கழிவு என்று பேச்சு. மாதம் 40,000 கழிகிறது. 8ஆம் மாத முடிவில் கழிந்தது 320,000, மிச்சம் 160,000. இது கட்டிவிட்டு இன்னும் அனுபவிக்காத வாடகை. 2 மாத டிப்போசிட்டாக இன்னொரு 160,000 கொடுத்திருந்தால், 8ஆம் மாதத்தோடு விடும்போது கேட்க வேண்டிய தொகை 320,000.

பலர் டிப்போசிட்டை மட்டும் கேட்டுவிட்டுக் கழியாத அட்வான்சை மறந்துவிடுகிறார்கள். சிலர் மறுபக்கமாக, ஏற்கெனவே கழிந்துபோன காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். கடிதம் எழுதுவதற்கு முன்பே இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, வங்கிச் சீட்டுகளையும் வாடகைப் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். கையில் காசாகக் கட்டி ரசீது இல்லாத மாதங்கள் இருந்தால், “இந்த மாதம் வரை வாடகை கிடைத்துவிட்டதுதானே?” என்று இப்போதே வாட்ஸ்அப்பில் கேட்டு ஒரு “ஓம்” வாங்கி வைப்பது நல்லது. மனக்கசப்பு வந்த பிறகு அந்த “ஓம்” கிடைக்காது.

3. புது வீடு கையெழுத்தாகும் வரை கடிதம் வேண்டாம்

கொடுத்த நோட்டீசை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அவர் அதற்குள் அடுத்த ஆளிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் உங்கள் சாமான் தெருவில்தான். புரோக்கர் “வீடு உங்களுக்குத்தான்” என்று சொல்வது வீடு கிடைத்ததாகாது. புது ஒப்பந்தத்தில் கையெழுத்து விழ வேண்டும்.

இதனால் சில வாரங்களுக்கு இரண்டு வாடகை விழலாம். அதை முன்கூட்டியே கணக்கில் சேருங்கள்.

நம்மவர்களுக்குப் பஞ்சாங்கம் வேறு இருக்கிறது. ஆடி ஜூலை நடுவிலும் மார்கழி டிசம்பர் நடுவிலும் பிறக்கும். அதற்கு முன் பால் காய்ச்சிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பழைய வீட்டையும் ஜூலை 15ஆம் திகதியே விட்டுவிடப் பார்ப்பார்கள். தேவையில்லை. பால் காய்ச்சும் நாள் ஒன்று, வாடகை முடியும் நாள் இன்னொன்று. நல்ல நாளில் புது வீட்டில் பாலைக் காய்ச்சி நாலு சாமானை வைத்துவிட்டு, பழைய வீட்டை நோட்டீஸ் முடியும் நாள் வரை வைத்திருங்கள். அந்த இடைவெளி துப்புரவுக்கும் பெயின்டுக்கும் உதவும்.

4. நாளைக் கணக்கிடுங்கள்

அதிகம் பிசகும் படி இது. ஒரு மாத நோட்டீஸ் என்றால் கடிதம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் என்று நினைக்கிறார்கள். மாதாந்த வாடகையில் நோட்டீஸ் ஒரு முழு வாடகை மாதத்தை மூட வேண்டும், வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும்.

உங்கள் வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குகிறது, செப்டெம்பர் 30இல் விட வேண்டும் என்று வையுங்கள். கடிதம் ஆகஸ்ட் 31க்குள் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். செப்டெம்பர் 3இல் கொடுத்தால் அது ஒக்டோபர் 31இல்தான் முடியும். மூன்று நாள் பிந்தியதற்கு ஒரு மாத வாடகை.

வாடகை மாதம் 15ஆம் திகதி தொடங்கினால் முடிவது 14இல். ஜூன் 14க்குள் கொடுத்தால் ஜூலை 14இல் முடியும். ஜூன் 20இல் கொடுத்தால் ஓகஸ்ட் 14. வாடகையை வழமையாக 5ஆம் திகதி கட்டுகிறீர்கள் என்பதால் மாதம் 5இல் தொடங்குவதாகாது. ஒப்பந்தம் தொடங்கிய திகதியே கணக்கு.

ஒப்பந்தத்தில் வேறு விதமாக, “எந்த நாளிலும் 30 நாள் முன்னறிவித்தல்” என்று தெளிவாக இருந்தால் அதுவே செல்லும்.

கடைசி நாளில் கொடுக்காமல் ஒரு வாரமாவது முன் கொடுங்கள். வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருப்பார், போயா நாளில் தபால் அலுவலகம் பூட்டியிருக்கும், பதிவுத் தபால் கொண்டுபோகும்போது வீட்டில் ஆள் இருக்காது. எல்லாம் அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் வரும்.

5. கடிதத்தை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். ஏன் விடுகிறீர்கள் என்று எழுத வேண்டாம். தண்ணீர் ஒழுகியது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது என்று குறை எழுதினால் அவர் பதில் எழுதத் தொடங்குவார், விடயம் திசை மாறிவிடும். ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுவது பாதுகாப்பு. வீட்டுக்காரருக்கு அந்த மொழி வராவிட்டால் அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு பிரதியும் சேருங்கள்.

தமிழில் எழுதுவதென்றால் இப்படி:

“திகதி: …
திரு./திருமதி … அவர்களுக்கு,
… என்ற முகவரியில் உள்ள வீட்டை … திகதிய ஒப்பந்தத்தின்படி வாடகைக்குப் பெற்று வசித்து வருகிறேன். இந்த வீட்டின் வாடகையை … திகதியுடன் முடித்துக்கொள்கிறேன் என்பதற்கு இதுவே என் அறிவித்தல். அன்று வீட்டை வெறுமையாக்கித் திறப்புகளைக் கையளிப்பேன். அதற்கு முன் … திகதியளவில் வீட்டை இருவரும் சேர்ந்து பார்வையிட வசதியான நேரத்தைத் தெரிவிக்கவும். கழியாத முற்பணம் … ரூபாயும் வைப்புப் பணம் … ரூபாயும் திறப்புக் கையளிக்கும் நாளில் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு, பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையெழுத்து.”

“விட யோசித்திருக்கிறேன்”, “விடலாம் என்று இருக்கிறேன்” என்று மரியாதைக்காக மழுப்பி எழுதாதீர்கள். அது நோட்டீஸ் அல்ல, தகவல். முடியும் திகதியும் “முடித்துக்கொள்கிறேன்” என்ற சொல்லும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் கடிதத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள்.

6. கொடுத்ததற்குச் சாட்சி வையுங்கள்

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதில் “பெற்றுக்கொண்டேன்” என்று திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கீழ்வீட்டிலேயே இருக்கிற அன்ரி “ஏன் தம்பி கடிதமெல்லாம், வாயால சொன்னாக் காணாதே?” என்பார். அப்போது சங்கடப்பட்டுத் திரும்பி வந்துவிடுபவர்களே அதிகம். “என்ர கணக்குக்கு ஒரு கொப்பி வேணும் அன்ரி, திகதி போட்டு ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ” என்று சொன்னால் அநேகமாக முடிந்துவிடும்.

கையெழுத்து வைக்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே பதிவுத் தபாலில், ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். தபால் அலுவலகப் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள். பிறகு கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். வாட்ஸ்அப் நல்ல துணை, அதை மட்டும் நம்பக் கூடாது. தொலைபேசி மாறும், செய்தி அழியும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பல ஃப்ளாட்டுகளின் சொந்தக்காரர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். இங்கே அவரது அண்ணரோ மச்சானோ வாடகை வாங்குவார். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட்டது என்று பாருங்கள். அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரருக்காகக் கையெழுத்திடும் அதிகாரம்) பெற்றவர் கையெழுத்திட்டிருந்தால் கடிதம் அவருக்கு, பிரதி சொந்தக்காரருக்கு மின்னஞ்சலில். மாதம் வாடகை மட்டும் வாங்கிப் போகிறவரிடம் கொடுத்துவிட்டு இருக்காதீர்கள். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை” என்று ரொறொன்ரோவிலிருந்து குரல் வரும்போது ஒரு மாதம் போயிருக்கும். டிப்போசிட் யார் கையால், எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேளுங்கள்.

7. நோட்டீஸ் காலத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள்

“டிப்போசிட்டில் கழித்துக்கொள்ளுங்கோ” என்று கடைசி மாதங்களின் வாடகையைக் கட்டாமல் விடுவது பரவலான பழக்கம். காசு திரும்பாது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள், அதன் பிறகு சேதக் கணக்கில் அவர் சொல்வதற்கே எடை கூடும். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் தாராளமாகக் கழியுங்கள். அதுவே இருவருக்கும் இலகுவான வழி.

அடுத்த வாடகையாளருக்கு வீடு காட்ட ஆட்கள் வருவார்கள். மறுக்காதீர்கள். வீடு விரைவில் போனால் உங்கள் காசும் விரைவில் வரும். நேரத்தை மட்டும் நீங்கள் வகுத்துக் கொடுங்கள், உதாரணமாக வார நாட்களில் மாலை 5 முதல் 7. புரோக்கரிடம் திறப்பைக் கொடுத்து வைக்க வேண்டாம்.

8. பத்து நாள் முன் சேர்ந்து பாருங்கள், பிறகு திருத்துங்கள்

கடைசி நாளில் வீட்டைக் காட்டினால் அவர் கண்ட குறைக்கு அவர் சொல்லும் விலைதான் கழியும். பத்து நாள் முன் காட்டினால் அதே வேலையை நீங்கள் பார்த்த பாஸை (வேலையாளை) வைத்து, நீங்கள் பேசிய கூலியில் முடிக்கலாம்.

நீங்கள் அடித்த ஆணித் துளைகள், உடைந்த கதவுக் கைபிடி, எரியாத பல்புகள், அடைத்த குசினிக் குழாய், கிழிந்த நுளம்பு வலை ஆகியன உங்கள் பொறுப்பு. வெயிலில் மங்கிய பெயின்ட், காலத்தால் தேய்ந்த தரை ஆகியன சாதாரண தேய்மானம். காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள வீடுகளில் ஜன்னல் கம்பி, மின்விசிறி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏசியைக் காலத்துக்குக் காலம் சேர்விஸ் செய்வதாக ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த ரசீதுகளைக் காட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் துருவும் உங்கள் தலையில் விழும்.

விடும்போது கலர் வொஷ் அடித்துத் தர வேண்டும் என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் இருக்கும். இருந்தால் அடியுங்கள், அதே நிறத்தில். நிறத்தை முதலில் அவரிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் பதில் வாங்குங்கள். கண்ணால் பார்த்துக் கிட்டத்தட்ட அதே நிறம் என்று வாங்கி அடித்த சுவரை இரண்டாம் முறை அடிக்க வேண்டிவரும்.

தளபாடத்தோடு எடுத்த வீடென்றால் சாமான் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். காஸ் சிலிண்டர் அவருடையதா உங்களுடையதா என்பதும் அதில் வரும்.

9. மின்சாரம், தண்ணீர், இணையம்

மின் இணைப்பும் நீர் இணைப்பும் வழமையாக வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அவற்றை வெட்டச் சொல்லாதீர்கள். மின்சாரம் எந்த நிறுவனத்திடமிருந்து வந்தாலும் பில், மானி வாசித்த நாள் வரைக்குமே. நீங்கள் போன பிறகு ஒரு பில் கட்டாயம் வரும்.

திறப்புக் கொடுக்கும் நாளில் இரண்டு மானிகளையும் இலக்கம் தெரியப் படமெடுங்கள். கடைசி பில்லில் உள்ள வாசிப்பிலிருந்து கழித்தால் உங்கள் யூனிட் வரும். அலகு கூடக் கூட விலை ஏறும் முறை என்பதால், வீட்டுக்காரர் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாகப் போட்டால் ஒருவருக்கு நட்டம் வரும். கடந்த மாதப் பில்லை நாள் கணக்கில் வகுத்து ஒரு தொகை பேசி முடிப்பது இலகு. அவர் சம்மதிக்காவிட்டால், அந்தப் பில் வரும்வரை டிப்போசிட்டில் ஒரு சிறு தொகையை மட்டும் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். பில்லுக்காக முழுக் காசையும் நிறுத்த இடம் கொடுக்காதீர்கள்.

இணையம் உங்கள் பெயரில் இருந்தால் இரண்டு வாரம் முன்பே இடமாற்றத்துக்குச் சொல்லுங்கள். ரவுட்டரைச் சுவரில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

10. தொடர்மாடியில் சாமான் ஏற்றுதல்

முகாமைத்துவக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். எந்த நேரத்தில் சாமான் இறக்கலாம், எந்த லிஃப்ட், லொறி எங்கே நிற்கலாம் என்று பல கட்டடங்களில் விதி இருக்கும். வீட்டுக்காரரின் கடிதம் இல்லாமல் செக்யூரிட்டி கேற்றைத் திறக்காத கட்டடங்களும் உண்டு. மாதாந்த முகாமைத்துவக் கட்டணம் நீங்கள் கட்டுவதாக இருந்தால் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். கார் ஸ்டிக்கர், கேற் கார்ட் திருப்பிக் கொடுத்ததற்கும் ஒரு கையெழுத்து.

11. திறப்புக் கையளிப்பு

வெறும் வீட்டை, பகல் வெளிச்சத்தில், அறை அறையாக வீடியோ எடுங்கள். குழாய்களைத் திறந்து தண்ணீர் வருவதையும், ஏசி ஓடுவதையும், கொமட் ஃப்ளஷ் ஆவதையும் அதில் காட்டுங்கள். பிறகு வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் இந்த மூன்றிலும்தான்.

அதன் பின் ஒரு கையளிப்புச் சீட்டு, இரண்டு பிரதி. அதில் திகதி, எத்தனை திறப்பு, மானி வாசிப்புகள், ஒப்புக்கொண்ட கழிவு, திருப்பித் தர வேண்டிய தொகை, தரும் திகதி, உங்கள் வங்கிக் கணக்கு. இருவரும் கையெழுத்து. காசு அந்த இடத்திலேயே வந்தால் நல்லது. வராவிட்டால் இந்தச் சீட்டில் கையெழுத்து விழுந்த பிறகே திறப்பு கை மாற வேண்டும். ஒழுங்கு இதுதான்: சீட்டு, பிறகு திறப்பு.

அவர் கையெழுத்து வைக்கவும் மாட்டார், காசும் தரமாட்டார் என்றால் திறப்பைப் பிடித்து வைத்திருப்பது தீர்வல்ல. நீங்கள் வீட்டை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று தொடர்ந்து வாடகை கேட்க அது வழி விடும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் திறப்பைக் கொடுத்து, கொடுத்ததையும் தர வேண்டிய தொகையையும் எழுதி அன்றே பதிவுத் தபால் போடுங்கள். செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு லொறியில் ஏறிப் போவது இதற்கு ஈடாகாது.

12. காசு வராவிட்டால்

சொன்ன திகதி தாண்டி ஒரு வாரம் பொறுங்கள். பிறகு தொகையையும் 14 நாள் அவகாசத்தையும் குறித்து ஒரு கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரதேச மத்தியஸ்த சபை. சிறிய தொகைத் தகராறுகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் பொதுவாக அங்கே போக வேண்டும், செலவும் இல்லை. சட்டத்தரணிக்கு வசதி இல்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்கிடுவதற்கு 6 ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு கால எல்லை உண்டு.

காசு வந்த பிறகும் கோப்பை எறிய வேண்டாம். புது முகவரியைக் கிராம அலுவலரிடம் பதிந்து வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றுங்கள். பிள்ளைக்குத் தரம் 1 விண்ணப்பம் போடும்போது கடந்த ஆண்டுகளில் எங்கே வசித்தீர்கள் என்பதற்கு அந்த இடாப்பும், பழைய ஒப்பந்தமும், பில்களும்தான் கேட்கப்படும்.